வீட்டுவரியும் இஞ்சி டேப்பும்

மதுரையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் 600, 1,200, 1,800 என்று மூன்று எண்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்துவரியை உயர்த்தியபோது, மதுரை போன்ற மாநகராட்சிகளில் வீடுகளுக்கு வந்த கணக்கு அது. 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம் கூடுதல். 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கும் மேலே போனால் 100 சதவீதம். 2018-ல் உயர்த்திவிட்டு, மறு வருஷமே நிறுத்தி வைத்தார்கள். அதுபோல இதுவும் நின்றுவிடும் என்று நினைத்தோம். நிற்கவில்லை.

எங்கள் ஆனையூர் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. அறிவிப்பு வந்த வாரம், தெருவில் பாதி வீடுகளில் இஞ்சி டேப்போடு நின்றார்கள். நிற்காமல் என்ன செய்வார்கள்? அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டி வந்த வீடு 1,200 சதுர அடி என்றால் இனி 1,500 ரூபாய். ஒரே ஒரு சதுர அடி கூடினால் 1,750!

எதிர்வீட்டு அக்காவுக்குக் கவலை வேறு. கணவர் இல்லை. வாசல் அறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். "இதைக் கடைன்னு எழுதிட்டா என்ன தம்பி செய்யறது?" என்றார். கடைகளுக்கு 100 சதவீத உயர்வு. தைத்த கூலியில் அரிசி வாங்குகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

பக்கத்து வீட்டு ரிட்டையர்டு வாத்தியார் மட்டும், "பென்ஷன் ஏறினா வாங்கிக்கிறோம்ல? தெருவிளக்கு, குப்பை, சாக்கடை எல்லாம் இந்தக் காசுலதானப்பா நடக்கணும்" என்றார். 2023-ல் வந்த விதிகளின்படி ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறும் என்றபோதும் அவர் முணுமுணுக்கவில்லை.

அவரையே வாயடைக்க வைத்தது 2025. மதுரை மாநகராட்சியில் அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, வணிகக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டதாகப் புகார் எழுந்தது. பலர் கைதானார்கள், மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். செய்தியைப் படித்த அக்கா சொன்னார்: "நான் ஒரு அடிக்குப் பயந்துகிட்டு இருந்தேன். அங்க மாடி மாடியா மறைஞ்சிருக்கு போல!"

தெருவில் அன்று இருந்த கோபம், 2022-ல்கூட இல்லை.

உங்கள் வரி ரசீதை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். சதுர அடி சரியா? குடியிருப்பு என்று இருக்கிறதா, வணிகம் என்று இருக்கிறதா? தவறு இருந்தால் வரைபட நகலோடு மனு கொடுங்கள். சரியாக இருந்தால் ஏப்ரலுக்குள் கட்டுங்கள். 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு.

அக்கா இந்த வருஷமும் ஏப்ரலிலேயே கட்டிவிட்டார். எங்கள் தெரு கேட்பது ஒன்றுதான்: சந்து வீட்டையும் வணிக வளாகத்தையும் ஒரே டேப்பால் அளக்க வேண்டும்.