மாப்பிள்ளைக்கு, வண்டி வாங்கும் முன்

தூத்துக்குடி,
9-11-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உப்பளத்தில் வேலை நின்றுவிட்டதால் பட்டறைக்கு வரும் வண்டிகளும் குறைவு. போனில் அரைகுறையாகப் பேசியதை உட்கார்ந்து முழுசாக எழுத இப்போதுதான் நேரம் வாய்த்தது.

பொங்கல் கழிந்ததும் நீங்களும் தங்கச்சியும் கிளம்பி, தனுஷ்கோடி போய்விட்டு, கடலோரமாகவே வேம்பார், தூத்துக்குடி, மணப்பாடு, உவரி வழியாகக் கன்னியாகுமரி போகப் போவதாகச் சொன்னீர்கள். அடுத்த வருஷம் ஸ்பிட்டி மலைப் பயணம். அதற்காக மூன்று வண்டிகளின் பெயரைச் சொல்லி, எதை வாங்கலாம் என்று கேட்டீர்கள். விலை, குதிரைத்திறன், மைலேஜ் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னீர்கள். அந்த மூன்றில் ஒன்றிலாவது தங்கச்சி ஏறி உட்கார்ந்து பார்த்தாளா என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான் ஏன் அதைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே வெள்ளம் வந்ததே, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்ததும் என் வீட்டுக்காரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, உடன்குடியில் இருக்கும் அவள் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். திருச்செந்தூர் ரோடு பல இடங்களில் அரித்துக் கிடந்தது. அறுந்த இடத்தில் ஜல்லியைக் கொட்டி வழி விட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் ‘டக்’கென்று அடித்தது. அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே லாரி வந்ததால் ஓரம் ஒதுங்கி நிறுத்தினேன். ஊன்றப்போன காலுக்குத் தரை கிடைக்கவில்லை. சாலை ஓரத்தைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது, ஒரு சாண் பள்ளம். வண்டி சாய்ந்தது, இரண்டு பேரும் விழுந்தோம். சைலன்சர் அவள் கெண்டைக்காலில் பட்டுவிட்டது. பழைய ஒரு ரூபாய் அளவுக்கு அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

தப்பு முழுக்க என்னுடையது. பின் ஷாக் அப்சர்பரின் ஸ்பிரிங், ஒற்றை ஆளுக்கு வைத்த இறுக்கத்திலேயே இருந்தது. இரண்டு பேர் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் பிடி தளரும். ஊரார் வண்டிக்கெல்லாம் இறுக்கிக் கொடுக்கிறவன், என் வீட்டுக்காரிக்காக இரண்டு படி இறுக்கவில்லை. அந்த வண்டியை வாங்கிய அன்றும் கடையில் நான் ஒருவன்தான் ஏறிப் பார்த்தேன். அதனால் இப்போது யார் கேட்டாலும் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன்: இரண்டு பேர் போகிற வண்டியைப் பின்சீட்டிலிருந்து பார்த்து வாங்குங்கள்.

முதலில் எடை. வண்டியின் கையேட்டில் அது தாங்கக்கூடிய மொத்த எடை போட்டிருக்கும். அதில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மீதிதான் உங்களுக்கு. நீங்கள் 74 கிலோ, தங்கச்சி 58, பைகள் 25, ஹெல்மெட், மழைக்கோட்டு, தண்ணீர், பஞ்சர் சாமான் என்று 6. ஆக 163 கிலோ. கையேட்டுக் கணக்கு இதைத் தாண்டி இருக்க வேண்டும், ஒட்டி இருந்தால் போதாது. 1952-இல் சே குவேராவும் அல்பெர்த்தோ கிரனாடோவும் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியது 1939-ஆம் வருஷத்து நார்ட்டன் 500 வண்டியில். மூட்டை முடிச்சோடு இரண்டு பேரைச் சுமந்து, விழுந்து எழுந்து, அது சிலி நாட்டிலேயே உயிரை விட்டது. மிச்ச தூரத்தை லாரியிலும் படகிலும் நடந்தும்தான் போனார்கள்.

அடுத்தது சீட். அரை மணி நேரம் எந்தச் சீட்டும் சுகமாகத்தான் இருக்கும், இரண்டாவது மணியில்தான் அதன் குணம் தெரியும். பின்சீட்டு அகலமாக, தட்டையாக இருக்கிறதா? முன்பக்கம் சரிவாக இருந்தால் பிரேக் போடும்போதெல்லாம் அவள் உங்கள் முதுகில் வந்து இடிப்பாள், அவள் கைதான் வலிக்கும். ஃபுட்ரெஸ்ட் ரொம்ப மேலே இருந்தால் முழங்கால் மடங்கியே இருந்து மரத்துவிடும். பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி வேண்டும். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், சக்கரத்தில் துணி சிக்காத மறைப்பு மூன்றும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகுக்காக யாரும் அவற்றைக் கழற்ற விடாதீர்கள். ஹெல்மெட்டும் அவள் தலை அளவு பார்த்து வாங்கியதாக இருக்கட்டும், உங்கள் பழையது வேண்டாம்.

மூன்றாவது உங்கள் கால். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார்கள், எனக்கு அது ரோட்டிலேயே நடந்தது. உங்கள் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். நீங்கள் சொன்ன மூன்றுமே உயரமான வண்டிகள், சீட் 825 மில்லிமீட்டருக்குக் குறையாது. தங்கச்சி ஏறியதும் வண்டி கொஞ்சம் அமுங்கும். அப்போது உங்கள் இரண்டு பாதமும் எவ்வளவு தூரம் ஊன்றுகிறது என்று பாருங்கள். கடையின் வழவழ தரையில் மட்டும் பார்க்காமல், வெளியே சரிவான இடத்திலும் நிறுத்திப் பாருங்கள்.

இனி நீங்கள் சொன்ன மூன்றுக்கு வருகிறேன். எக்ஸ்பல்ஸ் 210 லேசானது, மேடு பள்ளத்தில் துள்ளிப் போகும். ஒற்றை ஆளாக நம் தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்ட எனக்கே ஆசை. ஆனால் சீட் ஒடுக்கம். இரண்டு பேர், 25 கிலோ சாமான், நாள் முழுக்க ஓட்டம் என்றால் எஞ்சினைப் பிழிய வேண்டியிருக்கும்.

சுசூகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 249 சிசி, 167 கிலோ. அலாய் சக்கரம், ட்யூப்லெஸ் டயர், பஞ்சர் ஆனால் நீங்களே அடைத்துவிடலாம். பெரும்பாலும் தார் ரோடு, இடையிடையே உடைந்த ரோடு என்றால் தாராளமாகப் போதும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இல் எஞ்சின் 452 சிசி, 40 நியூட்டன் மீட்டர் இழுவை. முன்னும் பின்னும் ஷாக் 200 மில்லிமீட்டர் அமுங்கும், டேங்க் 17 லிட்டர். மேட்டில் இரண்டு பேரோடு கியரை இறக்கி இறக்கித் திண்டாட வேண்டாம். பின்சீட்டும் அகலம். 1955-லிருந்து சென்னையில் வண்டி செய்கிறவர்கள், சாமானும் மெக்கானிக்கும் எந்த ஊரிலும் கிடைக்கும். குறை, அதன் 196 கிலோ எடை. மணலில் சாய்ந்தால் தனியாகத் தூக்குவது சிரமம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 என்று ஆனதால் கையையும் கொஞ்சம் கடிக்கும்.

என் மனசில் இருப்பது இது. ஸ்பிட்டி உறுதி என்றால், உங்கள் கால் ஊன்றினால், ஹிமாலயன். ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கால் எட்டாமல் நுனிவிரலில்தான் நிற்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வி-ஸ்ட்ரோம். மிச்சப் பணத்தில் தங்கச்சிக்கு நல்ல ஜாக்கெட்டும் பூட்ஸும் வாங்குங்கள்.

சாமான் கட்டுவதற்கு எனக்குக் குரு திரேஸ்புரத்து மீன்காரர்கள். விடியற்காலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஐஸ் போட்ட மீன்பெட்டியைக் கட்டுவதை நின்று பார்த்திருக்கிறேன். கனமான பெட்டி கீழே, லேசானது மேலே. பின்சக்கரத்துக்கு வெளியே தள்ளிக் கட்டவே மாட்டார்கள். கட்டி முடித்ததும் பெட்டியைப் பிடித்து ஒரு உலுக்கு. பெட்டி மட்டும் ஆடினால் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள், வண்டியும் சேர்ந்து ஆடினால்தான் கிளம்புவார்கள். நீங்களும் கனத்தை இரண்டு பக்கப் பையில் கீழே வையுங்கள். உயரமான பெட்டி வேண்டாம், தனுஷ்கோடி ரோட்டில் பக்கவாட்டுக் காற்று அதைப் பிடித்துத் தள்ளும்.

கிளம்புகிற அன்று பின் ஸ்பிரிங்கை இரண்டு ஆளுக்கு ஏற்றுங்கள், கையேட்டில் இருவருக்குப் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று பிடியுங்கள். தூத்துக்குடி வந்ததும் பட்டறைக்கு வாருங்கள், நானே ஒருமுறை பார்த்துவிடுகிறேன். உப்புக்காற்று செயினையும் நட்டையும் சீக்கிரம் தின்றுவிடும். தினமும் ராத்திரி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு லூப் போடுங்கள். மணல் பாதை வந்தால் தங்கச்சியை இறக்கிவிட்டு, வண்டியை மட்டும் கடத்துங்கள். நடப்பதற்கு அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இன்னும் ஒன்று. எங்கள் தாத்தா சங்கு குளித்தவர். 1961-இல் இங்கே கடைசியாக முத்துக்குளித்தபோது அவருக்கு இளவயது. எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்குக் கல்லைப் பிடித்து இறங்குகிறவருக்கு, மேலே வள்ளத்தில் ஒருவர் கயிறு பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் மச்சினனைத்தான் நிறுத்துவார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். கூடப்பிறந்தவளின் தாலிக்கு அவன்தானே காவல்! கீழேயிருந்து கயிற்றைச் சுண்டினால் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது, உடனே இழுக்க வேண்டும்.

பின்சீட்டில் இருப்பவள் பேசுவது காற்றில் போய்விடும். அவளுக்குக் கயிறு உங்கள் தோள்தான். ஒரு தட்டு தட்டினால் வேகம் குறையுங்கள். இரண்டு தட்டினால் ஓரம் பார்த்து நிறுத்துங்கள், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு எங்களுக்குள் இப்படி ஒரு பேச்சு இருந்திருந்தால், அந்த ஜல்லிக்கு முன்பே அவள் என்னைத் தட்டியிருப்பாள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், பின்னால் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் மோசமான ரோடாகப் பார்த்து ஓட்டிவிட்டு வாருங்கள். எந்த வண்டி, உட்கார்ந்து பார்த்ததில் எங்கே வலித்தது, எங்கே வலிக்கவில்லை என்று தங்கச்சியே தன் கைப்பட எழுதி அனுப்பட்டும். அந்தக் கடிதம் வந்தபிறகு நான் சரி என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரி உங்கள் இருவருக்கும் கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்