சூடானதும் மறையும் சத்தம்

காரை விற்றுவிடுவதென்று வீட்டில் முடிவான வாரத்தில்தான் அந்தச் சத்தம் தொடங்கிற்று. ஃபஜ்ரு தொழுது திரும்பி வண்டியைக் கிளப்பினால், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு கடகடப்பு. நான்கைந்து விநாடிகளில் அடங்கிவிடும். பகலில் எத்தனை முறை கிளப்பினாலும் கேட்காது. மறுநாள் விடியலில் மீண்டும் கேட்கும்.

வாப்பா வாங்கிய கார் அது. சகோதரர்கள் நாங்கள் இருவரும் ஓட்டியதில் மீட்டர் 1,18,000 கிலோமீட்டரைக் கடந்திருந்தது. வாங்க முன்வந்தவர் திருநள்ளாறு கோயில் வீதியில் விளக்கும் நல்லெண்ணெயும் விற்கும் இளைஞர். சனிக்கிழமையில் அவருக்கு மூச்சுவிட நேரமிராது. ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவதற்கு அரைமணி முன்பாக நாங்கள் நெடுங்காடு சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். பெட்ரோல் போடத்தான் போனோம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். டாங்கியில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. அவர் சாவியைத் திருகியபோது எஞ்சின் சீராக ஓடிற்று. "சத்தமே இல்லையே பாய்" என்று மகிழ்ந்து, பத்தாயிரம் ரூபாய் முன்பணம் தந்துவிட்டுப் போனார்.

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை மதரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். நனைத்தது மழைதான், அதற்கு அந்த வணிகர் என்ன செய்வார்? நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததே கேள்விக்குள்ளாயிற்று. நெல் காயவைக்கும் ஊரில் வளர்ந்த எங்களுக்கு அந்த ஈரம் விளங்காததன்று. அன்றிரவு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் பேசினோம்.

பட்டறைக்காரர் வண்டியை இரவே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்; ஆறிய எஞ்சினைத்தான் அவர் கேட்க வேண்டுமாம். விடிந்ததும் முதலில் ஆயில் அளவுகோலை உருவினார். அளவு குறைந்து, ஆயில் கன்னங்கரேலென்று இருந்தது. மாற்ற வேண்டிய காலத்தைப் பல மாதங்கள் தள்ளிப்போட்டவர்கள் நாங்கள்தாம். குறைந்ததை நிரப்பிக் கிளப்பியும் சத்தம் முற்றிலும் நீங்கவில்லை. நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு ஓரிடத்தைக் காட்டினார். டைமிங் செயின் ஓடும் பக்கம்.

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் பிணைப்பது அந்தச் செயின். அது தொய்யாதபடி அழுத்திக்கொண்டிருப்பது டென்ஷனர். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சிறு தண்டு, அதைத் தள்ள ஆயிலின் அழுத்தம். இரவில் வண்டி நிற்கும்போது அழுத்தம் இறங்கிவிடுகிறது. பின்வாங்காமல் தண்டைப் பிடித்திருக்க வேண்டிய பற்கள் தேய்ந்திருந்தால் செயின் தளர்ந்து, கிளப்பியவுடன் அறைகிறது. ஆயில் பம்ப் அழுத்தம் கொடுத்ததும் இறுகி மௌனமாகிறது. ஆகவே மௌனம் சுகமன்று. செயின் ஒரு பல் தாண்டினாலே எஞ்சினின் ஓட்டம் கெடும். மேலும் தாண்டினால் எங்களுடையது போன்ற எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். மாருதி 800 காலத்து ரப்பர் பெல்ட்டைக் குறித்த கிலோமீட்டரில் மாற்றும் பழக்கம் பலருக்கு இருந்தது. செயின் ஆயுளுக்கும் வரும் என்ற நம்பிக்கையில் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மூடியைத் திறந்ததும் டென்ஷனரின் தண்டு எல்லைவரை நீண்டு நின்றதைக் காட்டினார். செயினும் தேய்ந்து நீண்டுவிட்டது என்பது அதன் பொருள்; டென்ஷனரை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் பழைய கதைதான். செயின் உரசும் பிளாஸ்டிக் தாங்கியில் பள்ளம் விழுந்திருந்தது. அதன் துணுக்குகள் ஆயிலில் கலந்திருக்கும் என்று சம்ப்பையும் இறக்கி, சல்லடையைக் கழுவினார்.

முதல் பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, பற்சக்கரங்களின் குறிகளை ஒன்றுக்கொன்று நேராக்கி, புதிய செயினை மாட்டினார். புது டென்ஷனரின் தண்டை ஓர் ஊசி உள்ளே பிடித்து வைத்திருந்தது. பொருத்திய பின் அதை உருவியதும் தண்டு 'டக்'கென்று முன்னே வந்து செயினை இறுக்கியது. உடனே கிளப்பிப் பார்க்கலாமே என்றோம். அவர் சிரித்துவிட்டு ஸ்பேனரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினார். குறிகள் மீண்டும் நேராக வந்து நின்றன. அதன் பிறகே மூடியைப் பசை தடவிப் பூட்டினார். செலவு பதினான்காயிரத்துச் சொச்சம்.

இதைவிடக் கடினமானது கோயில் வீதியில் காத்திருந்தது. கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய், முன்பணத்தை மேசைமேல் வைத்து, ஞாயிற்றுக்கிழமை போய் வந்த சுற்று உட்பட எல்லாவற்றையும் சொன்னோம். பழைய டென்ஷனரையும் செயினையும் காட்டினோம். அவர் அவற்றை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்ரோல் போடப் போனோம்னு சொன்னீங்களே" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

பணத்தை அவர் எடுக்கவில்லை. வண்டி வேண்டுமென்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை கடை திறக்குமுன் வருவதாக மட்டும் சொன்னார். அதுபோலவே விடியற்காலை ஐந்தரைக்கு வந்தார். சாவியை நீட்டினோம். அதை வாங்காமல் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். குளிர்ந்திருந்தது. பிறகு சாவியை வாங்கிக்கொண்டார்.