கேளா ஒலியும் அத்தையின் அட்டிகையும்

பார்ப்பதற்கு டீக்கடைப் பாத்திரம் மாதிரி ஒரு ஸ்டீல் தொட்டி, பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். அவ்வளவுதான் அல்ட்ராசோனிக் கிளீனர். இன்பிளான்ட் டிரெயினிங் போன டீசல் பம்ப் ஒர்க்ஷாப்பில்தான் எனக்கு அதனோடு பழக்கம். இன்ஜெக்டர் நாசிலின் ஓட்டையில் படிந்த கரியைக் கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், நாசில் காலி. தொட்டியில் போட்டு எடுத்தால் கரி மட்டும் போகும்.

எப்படி? தொட்டியின் அடியில் ஒட்டிய பீசோ தகடுகள் விநாடிக்கு சுமார் 40,000 முறை அதிர்கின்றன. நம் காதுக்கு எட்டுவது 20,000 வரைதான். அந்த அதிர்வில் தண்ணீருக்குள் நுண்ணிய குமிழ்கள் தோன்றித் தோன்றி நொறுங்குகின்றன. ஆமாம், பம்ப் இம்பெல்லரை அரிக்கிறது என்று நாம் பரீட்சையில் எழுதுகிற அதே கேவிடேஷன்! கப்பல் புரொப்பெல்லரை அரிப்பதும் இதுதான். குமிழ் நொறுங்கும்போது பிறக்கும் அழுத்தத்தை ராலே பிரபு 1917-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஓடும் தொட்டியில் ஒரு அலுமினியத் தாளை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், பொத்தல் பொத்தலாகிவிடும். விரலை விட்டால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டாம்.

கூட வந்த நண்பன் ஒருவன், கிரீஸ் சீக்கிரம் போகட்டுமே என்று பெட்ரோல் டின்னோடு வந்தான். மேஸ்திரி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஏன்டா, கடையோட எரியணுமா?" சூடாகும் தொட்டி, பக்கத்திலேயே கரண்ட், மேலே பெட்ரோல் ஆவி. ஒரு பொறி போதும். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதுவும் ஆகாது. தண்ணீரும் கொஞ்சம் சோப்பும்தான். பொருள் கூடையில் தொங்க வேண்டும், அடியில் உட்காரக் கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓட்டவே கூடாது. தண்ணீரைக் கொட்டும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பேரிங்கைக் கழுவினால் உடனே துடைத்து ஆயில் விடாவிட்டால் மறுநாள் துருதான் மிஞ்சும்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அத்தை பீரோவைத் திறந்தார். மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள். எடுத்தது கெம்புக்கல் அட்டிகை. தாத்தா போட்டது, மூன்று தடவை அடகுக்குப் போய் மீண்டு வந்தது. "இதையும் உன் மிஷின்ல ஒரு முக்கு முக்கிக் கொண்டாடா."

முடியாது என்றேன். அந்த மாதிரிப் பழைய வேலைப்பாட்டில் கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளத் தகடு, அதற்கும் அடியில் அரக்கு. தண்ணீர் புகுந்தால் தகடு கறுத்துக் கல் செத்துப்போகும். அரக்கு சூட்டில் இளகும், அதிர்வில் விரிசல் விடும். முத்தும் பவழமும் மென்மையானவை, மெருகு போய்விடும். பெரும்பாலான மரகதங்களில் விரிசலை எண்ணெயால் நிரப்பியிருப்பார்கள், அது வெளியேறினால் விரிசல் பல்லை இளிக்கும். அத்தைக்கு இதெல்லாம் படிச்ச திமிராகப் பட்டது. இரண்டு நாள் பேச்சே இல்லை.

மூன்றாம் நாள் அம்மா வற்புறுத்தி அட்டிகையை ஆசாரியிடம் கொண்டு போனார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தவர், இரண்டு கல் ஆடுவதைக் காட்டினார். சரிபண்ணி, ஈரத் துணியால் துடைத்தே கொடுத்தார்.

அத்தையின் கல் இல்லாத தங்கச் சங்கிலியை மட்டும் நான் வாங்கிப் போனேன். மேஸ்திரியிடம் அனுமதி கேட்டு, கண்ணாடி பீக்கரில் தனியாகச் சோப்புத் தண்ணீர் விட்டு, அந்த பீக்கரைத் தொட்டித் தண்ணீரில் இறக்கினேன். கரி படிந்த தண்ணீரில் தங்கத்தைப் போட மனசு வருமா? மூன்றே நிமிடம். கண்ணிகளுக்கு நடுவிலிருந்து புகை மாதிரி அழுக்கு கிளம்பியது.

கலங்கிய தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி அத்தையிடமே காட்டினேன். "பவுன் கரைஞ்சிருச்சாடா?" என்று பதறினார். "இல்ல அத்தை, உங்க மஞ்சளும் வியர்வையும்தான்" என்றேன். நம்பவில்லை. ஆசாரியிடம் போய் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் மாட்டினார்.