மால்குடி எந்தப் பக்கம்?

மாலை வேளைகளில் எங்கள் இல்லத்துத் திண்ணைக்குப் படிக்க வரும் சிறுவர்கள் சென்ற மாதம் ஒரு வழக்கோடு வந்தார்கள். யாருடைய கைப்பேசியிலோ 'மால்குடி டேஸ்' என்னும் பழைய தொலைக்காட்சித் தொடரைப் பார்த்திருக்கின்றனர். அதில் வரும் ஊர் எங்கே இருக்கின்றது என்பதே வழக்கு. அவர்களுள் வாய்த்துடுக்குள்ள ஒருவன் தீர்ப்பையும் கையோடு கொண்டு வந்திருந்தான்: "லால்குடி, மன்னார்குடி, பரமக்குடி, நம்ம சுரக்குடி எல்லாம் இந்தப் பக்கம்தானே ஃபாதர்? அப்ப மால்குடி மட்டும் எப்படி கர்நாடகாவுல இருக்கும்?"

சுரக்குடிக்காரனுக்கு இந்தக் கேள்வி எளிதில் விளங்கும். எங்கள் ஊர் எங்கே என்று வெளியூரார் கேட்டால் ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆட்சியால் புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள். புதுச்சேரியோ ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே இருக்கின்றது. சுற்றிலும் தமிழ்நாடு. 1954 வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காரைக்கால் என்று தொடங்கி, திருநள்ளாற்றைச் சொல்லி முடித்தால்தான் கேட்பவர் தலையசைப்பார். போதாக்குறைக்குச் செட்டிநாட்டில் ஒரு சூரக்குடி இருக்கின்றது. என் நண்பரான குருவானவர் ஒருவர் ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டு எழுதிய கடிதம் அங்கே போய்ச் சுற்றிவிட்டு வந்ததும் உண்டு. ஆதலால் ஊரைத் தேடும் அச்சிறுவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலும், அதே வழக்கை நானும் ஒரு காலத்தில் வாதாடியவன்.

1987ஆம் ஆண்டு. சிறு குருமடத்தில் எங்களுக்கு ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. தூர்தர்சனில் சங்கர் நாக் இயக்கிய அந்தத் தொடர் வரும்போது, இந்தி அறியாத நாற்பது பேர் தரையில் அமர்ந்து பார்ப்போம். ஆர். கே. லட்சுமணனின் கோட்டோவியங்களும், எல். வைத்தியநாதனின் இசையும், மஞ்சுநாத் என்னும் சிறுவனின் விழிகளுமே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. மொழி புரியாததால் ஊரைப் பார்த்தோம். ஓட்டு வீடுகள், ஓயாத மழை, பின்னால் மலை. "இது நம் ஊர் அன்று" என்றனர் தஞ்சைத் தரணிப் பிள்ளைகள். "பெயர்கள் எல்லாம் நம் பெயர்கள்தாமே" என்றேன் நான். படம்பிடித்த இடம் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பே என்பது பின்னரே எனக்குத் தெரிய வந்தது. தொடரில் மால்குடி நிலையமாகத் தோன்றிய அரசாளு ரயில் நிலையத்தின் பழைய கட்டடம் 2020இல் அருங்காட்சியகமாகவே ஆகிவிட்டது. இல்லாத ஊருக்கு ரயில் நிலையம் கிடைத்திருக்கின்றது! நம் பேரளம் - காரைக்கால் பாதையோ, 1898இல் போடப்பட்டு, 1980களில் நின்று, மறுபடியும் தண்டவாளம் காண எத்தனை ஆண்டுகள் காத்திருந்தது என்பதை நினைத்தால் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கின்றது.

மால்குடியைப் படைத்த ஆர். கே. நாராயண் 1930ஆம் ஆண்டு விஜயதசமி நாளில் பெங்களூரில் எழுதத் தொடங்கியபோது, அவர் மனத்தில் முதலில் எழுந்தது ஒரு சிறிய ரயில் நிலையமே. ஊர் அதன் பின்னரே வந்தது. ஆனால் வாசகர்கள் விடுவார்களா? மல்லேசுவரத்தின் தலையையும் பசவனகுடியின் வாலையும் ஒட்டிய பெயர் என்றனர் பெங்களூர்க்காரர்கள். அவர் நெடுங்காலம் வாழ்ந்த மைசூரேதான் என்றனர் மைசூர்க்காரர்கள். லால்குடியில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும் என்றனர் திருச்சிக்காரர்கள். கோவைக்காரர்களிடம் வேறொரு சான்று இருந்தது. கதையில் லாலி எக்ஸ்டென்சன் வருகின்றது. கோவையில் லாலி ரோடு இருக்கின்றது. ஆர்தர் லாலி என்பவர் 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். எனவே மால்குடி மன்னராட்சியில் இருந்த மைசூரில் இருக்க முடியாது, சென்னை மாகாணத்தில்தான் இருக்க வேண்டும் என்பது வாதம். வலுவான வாதம் என்றே எனக்கும் தோன்றுகின்றது. ஆயினும் கதையில் ஓடும் ஆற்றின் பெயர் சரயு, அயோத்தியின் ஆறு! ஜேம்ஸ் ஃபென்னெலி என்ற அமெரிக்க அறிஞர் கதைகளில் வரும் தெருக்களையெல்லாம் சேர்த்து வரைபடமே வகுத்துவிட்டார். நாராயணோ, அது கற்பனை ஊர் என்றும், அதன் மாந்தரை நியூயார்க் தெருவிலும் தம்மால் காண முடியும் என்றும் கூறி நழுவிக்கொண்டார்.

பெருங்குருமடத்தில் விவிலியம் பயின்றபோது எனக்கு இந்த வழக்கு நினைவுக்கு வந்ததுண்டு. எம்மாவு எங்கே? எருசலேமிலிருந்து அறுபது ஸ்தாதியம் தொலைவு என்கின்றார் லூக்கா. ஏறத்தாழ 11 கிலோமீட்டர். சீனாய்ப் படி முதலிய சில பழஞ்சுவடிகளிலோ நூற்றறுபது என்று இருக்கின்றது. அம்வாசு, குபெய்பா, அபு கோசு என்று பல ஊர்கள் அந்தப் பெருமையைக் கோருகின்றன. எம்மாவு மால்குடியைப் போல் கற்பனை ஊர் அன்று. ஆனால் தேர்வுத்தாளில் நான் அந்த ஊர்களுக்கே இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டேன். வழியில் அந்த இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு நேரம் இல்லாமல் போயிற்று. பேராசிரியர் விடைத்தாளின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இட்டிருந்தார்.

அந்த நாள்களில்தான் நூலகத்தில் 'சுவாமியும் நண்பர்களும்' நாவலைப் படித்தேன். 1935இல் வெளிவந்தது. முதல் அத்தியாயத்திலேயே ஆல்பர்ட் மிஷன் பள்ளியின் மறைநூல் வகுப்பு வருகின்றது. எபனேசர் என்னும் ஆசிரியர், இந்துச் சிறுவர்களின் முன்னிலையில் அவர்களுடைய தெய்வங்களை இழித்துப் பேசுகின்றார். அப்படியானால் இயேசுவை ஏன் சிலுவையில் அறைந்தார்கள் என்று சிறுவன் சுவாமிநாதன் கேட்கின்றான். அவன் காது திருகப்படுகின்றது. மறுநாள் அவனுடைய தந்தை தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்தனுப்புகின்றார்.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. உடனே நான் செய்தது என்ன தெரியுமா? மால்குடியைத் தள்ளி வைத்தேன். இது அந்தக் காலத்துக் கதை. எபனேசர் சீர்திருத்த சபையைச் சார்ந்தவர், நம்மவர் அல்லர். ஊரும் கர்நாடகத்துப் பக்கம். 'மை டேஸ்' என்னும் தன்வரலாற்றை (1974) பிறகு படித்தபோது அந்தச் சமாதானத்திலும் ஓட்டை விழுந்தது. நாராயண் சென்னைப் புரசைவாக்கத்து லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். தம் வகுப்பின் ஒரே பிராமணச் சிறுவனாக அமர்ந்து, தம் குலத்தையும் தெய்வங்களையும் பற்றிய ஏளனத்தைத் தாமே கேட்டவர். ஆற்றுக்கும் மலைக்கும் இடம் தேடி ஊரார் அலைந்துகொண்டிருக்க, அந்த ஒரு வகுப்பறைக்கு மட்டும் உண்மையான முகவரி இருந்திருக்கின்றது. அதுவும் தமிழ் மண்ணில்! அப்போதும் 'லுத்தரன்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டேன். மனிதமனம் எத்தனை சந்துகளை வைத்திருக்கின்றது, பாருங்கள்.

இவ்வளவையும் படித்த பிறகுதான் அது நடந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், ஊரின் பெயர் வேண்டாம், ஒரு பள்ளியில் நன்னெறி வகுப்பு எடுத்தேன். பிற சமயங்களைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தவன் நான். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு நாள் வராமல், மூன்றாம் நாள் தலை மழித்து வந்து நின்றான். குடும்பத்தோடு திருநள்ளாறு போய், நளதீர்த்தத்தில் நீராடி வந்ததாகச் சொன்னான். "காக்கை மேல் ஏறி வருகிறவர் உன் கணக்குப் பரீட்சையைப் பார்த்துக்கொள்வாரா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது; அதனால் இன்னும் இரண்டு வாக்கியங்கள் சொன்னேன். அவற்றை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

சுவாமிநாதனைப் போல் அவன் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. தலை குனிந்து அமர்ந்தான்.

மறுநாள் அவனுடைய தந்தை வந்தார். அவரிடம் கடிதம் இல்லை. அவருக்கு எழுதத் தெரியாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் நின்றபடி, "சாமி, புள்ள படிக்கத்தான் வந்துச்சு" என்றார். அவ்வளவுதான். நான் வருகைப் பதிவு, பள்ளி ஒழுங்கு என்று ஏதேதோ விளக்கினேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க சாமி" என்று கேட்டுக்கொண்டு போனார். அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் பையனின் மாற்றுச் சான்றிதழை வாங்கிச் சென்றுவிட்டனர். இன்று அவனுக்கு நாற்பது வயதை நெருங்கியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று விசாரித்தேன், தெரியவில்லை.

இப்போது நான் இருப்பது திருநள்ளாற்றுக்கு அண்மையில். சனிக்கிழமைகளில் எண்ணெய் வழியும் தலைகளோடு குடும்பங்கள் பேருந்திலிருந்து இறங்குவதைக் காண்கின்றேன். மழித்த தலையோடு ஒரு சிறுவன் தென்பட்டால் என் கண்கள் தாமாகவே தாழ்கின்றன.

சிறுவர்களின் வழக்குக்கு வருவோம். லாலியையும் சரயுவையும் சொல்லி முடித்த பின், அலமாரியிலிருந்து நாவலை எடுத்து முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். எபனேசரின் இடம் வந்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். திண்ணையின் ஓரத்தில் உட்காரும் ஒரு பையன் இருக்கின்றான். அவன் நம் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். வீட்டில் இடம் போதாமல் இங்கே படிக்க வருபவன். அவன் சிரிக்காமல், "அந்த வாத்தியார் எந்த ஊரு ஃபாதர்?" என்று கேட்டான்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்தத் தந்தை செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற கதையை அவர்களுக்குச் சொன்னேன். யாரும் எதுவும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, வாய்த்துடுக்குள்ள பையன்தான், "அந்தண்ணன் பேர் என்ன ஃபாதர்? எங்க அப்பாட்ட சொல்லித் தேடச் சொல்லட்டுமா?" என்றான். ஒரு தாளில் பெயரையும், எனக்கு நினைவிருந்த தெருவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.