மரக்கொசு

இரண்டாம் உலகப்போரின் அதிவேக விமானங்களில் ஒன்று மரத்தால் செய்யப்பட்டது என்றால் நம்ப முடிகிறதா? பிரிட்டனின் டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ தான் அது. பெயருக்கேற்ற கொசு!

போர்க்காலத்தில் அலுமினியத்துக்குக் கடும் கிராக்கி. மரவேலை தெரிந்தவர்களோ நிறைய இருந்தார்கள். நாற்காலியும் பியானோவும் செய்த பட்டறைகள் விமான பாகங்கள் செய்தன. நடுவே லேசான பால்சா மரம், இருபுறமும் பிர்ச் பிளைவுட். உடற்பகுதியை இரண்டு பாதிகளாகச் செய்து ஒட்டினார்கள்.

குண்டுவீச்சு விமானத்துக்குத் தற்காப்புத் துப்பாக்கி வேண்டாம், வேகமே போதும் என்றது நிறுவனம். அதிகாரிகள் பலர் நம்பவில்லை. வில்ஃப்ரிட் ஃப்ரீமன் ஆதரித்தார். 1940 நவம்பர் 25ல் முதன்முதலாகப் பறந்தது. வேகம் மணிக்கு 600 கி.மீ.க்கு மேல்! லங்காஸ்டருக்கு ஏழு பேர் தேவை, இதற்கு இரண்டே பேர். மொத்தம் 7,700க்கும் மேல் தயாராயின.

குறையே இல்லையா? இருந்தது. 1944ல் இந்தியாவில் சில மொஸ்கிட்டோக்கள் பறக்கும்போதே உடைந்தன, உயிர்கள் போயின. சந்தேகம் பசை ஒட்டின் மீது விழுந்தது. நம்மூர் வெயிலும் ஈரமும் காரணமா, பட்டறையில் சரியாக ஒட்டாததா என்று பெரிய வாதமே நடந்தது.

கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கணக்கில் ஒட்டின் தரத்தையும் சேர்க்க வேண்டும். விமானியின் உயிர் அதில்தானே இருக்கிறது!