ஆச்சியின் மீன் பெட்டிக்கும் பஸ்ஸில் இடம் வேண்டும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சாலையிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பும் கிளைச் சாலைகளின் கதை வேறு. ரோடு நேராகக் கடற்கரையில் போய் முடிந்துவிடும். அதைத் தாண்டி வேறு ஊர் கிடையாது என்பதால், 'போகிற வழியில்' எந்த பஸ்ஸும் அங்கே வராது. அந்த ஊருக்கென்றே ஒரு பஸ் விட்டால்தான் உண்டு. எங்கள் ஊரும் அப்படித்தான்.

எங்கள் ஆச்சிக்கு 68 வயது. இன்னும் மீன் விற்கிறார். விடியலில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் ஏலத்தில் சாளையோ ஊளியோ எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியைக் கட்டி, மேற்கே உள்ள ஊர்களுக்குத் தெருத் தெருவாகக் கொண்டுபோவார்.

2021 மே 8 முதல் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. ஆச்சியின் கணக்கு இன்னும் எளிது. "ஐஸுக்குள்ள காசு பஸ்ல மிச்சமாவுது, மக்கா."

ஆனால், அந்த மிச்சம் தினமும் கைக்கு வருவதில்லை. வள்ளம் கரை சேரும் நேரத்தைக் காற்றும் நீரோட்டமும் முடிவு செய்கின்றன. பஸ் நேரமோ அட்டவணையில் இருக்கிறது. ஏலம் கொஞ்சம் தள்ளிப்போனால் காலை பஸ் போய்விடும். அடுத்த பஸ் வரும்வரை மீன் தாங்காது. ஷேர் ஆட்டோ பிடித்தால், பஸ்ஸில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடும்.

பஸ் கிடைத்தாலும் பெட்டி ஒரு பிரச்னை. "ஆச்சி, தண்ணி வடியுது பாருங்க" என்பார் கண்டக்டர். அவர் மீதும் தப்பில்லை. ஆபீஸ் போகிறவர்கள் அவரிடம்தானே சண்டைக்கு வருகிறார்கள்! ஆனால், இந்த முகச்சுளிப்பு எதுவரை போகும் என்பதை 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் பார்த்தோம். மீன் வாடை அடிப்பதாகச் சொல்லி ஒரு வயதான பெண்ணை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் நியாயம் கேட்டு அழுத வீடியோ தமிழ்நாட்டையே உலுக்கியது. முதல்வர் கண்டித்தார், டிரைவர், கண்டக்டர், நேரக் காப்பாளர் மூவரும் சஸ்பெண்ட் ஆனார்கள். பெட்டி வைப்பதற்கு பஸ்ஸின் பின்பக்கம் கொஞ்சம் இடம் ஒதுக்கிவிட்டால் கண்டக்டருக்கும் நிம்மதி, ஆச்சிக்கும் மரியாதை.

மாலை நேரக் கஷ்டம் எனக்கே தெரியும். நான் டிப்ளமோ படித்தபோது வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் எங்கள் ஊருக்கான கடைசி பஸ் கிளம்பியிருக்கும். அதற்காகவே என்னை ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அந்தப் பணமும் ஆச்சியின் மீன் பெட்டியிலிருந்துதான் வந்தது. அப்படி ஓர் ஆச்சி இல்லாத என் தோழி, பாதியில் படிப்பை நிறுத்திவிட்டாள்.

பஸ் போகாத ஊர்களுக்காக 1997-ல் மினி பஸ் திட்டம் வந்தது. அதன் புதிய வடிவத்தை 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் முதல்வர் தொடங்கிவைத்தார். ஒரு வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். எங்களைப் போன்ற ஊர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால், இவை தனியார் வண்டிகள் என்பதால் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் இதில் கிடையாது. அதனால் அரசு டவுன் பஸ்ஸை விட்டால் ஆச்சிக்கு வேறு வழியில்லை.

இதற்குப் புது பஸ்கூட வாங்க வேண்டாம். இருக்கும் பஸ்ஸின் நேரத்தை மாற்றினாலே பாதிப் பிரச்னை தீரும். உங்கள் ஊரிலும் இதே கஷ்டம் என்றால், கிராம சபையிலோ, கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுங்கள். 'பஸ் வசதி வேண்டும்' என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே, எத்தனை பேர் போகிறீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படி ஒரு மனு தயார் செய்திருக்கிறார்கள். அதில் முதல் கையெழுத்து ஆச்சியுடையது.