மடுக் கோயில் முற்றத்தில்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போய், பறயனாலங்குளம் தாண்டி, மடுச் சந்தியில் திரும்பினால் கோயிலுக்கு இன்னும் 12 கிலோமீற்றர் அளவில் காட்டுப்பாதை. ஜூன் மாதத்து வெயில். வீதியோரம் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். எமது வானில் 11 பெண்கள். எல்லோரும் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள்.

மாதாந்தக் கூட்டத்தில் ஒரு நாள் எங்காவது போய் வருவோம் என்ற பேச்சு எழுந்தபோது கடற்கரை, குளக்கட்டு என்று பலரும் பலதைச் சொன்னார்கள். கடைசியில் இருந்த ஒரு அக்கா மட்டும் "மடு" என்றார். அதற்கு முன் அவர் கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. கணவர் இல்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள். நுண்கடன் சேர்ப்பவர்கள் வரும் நாட்களில் அவர் பின்வளவுக்குள் போய் நிற்பார் என்று அயலார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாரிடம், எவ்வளவு என்று எத்தனையோ முறை கேட்டும் பதில் இல்லை.

மடுவின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 இல், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1924 இல் சொரூபத்துக்கு முடிசூட்டினார்கள். 1990 இலிருந்து கோயில் வளவு அகதிகளின் ஊராயிற்று. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். அந்த ஆகஸ்டில் அது திரும்பியது. 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் இங்கு வந்து செபித்தார். சைவரும் சிங்கள மக்களும்கூட இங்கு நேர்த்தி வைக்கிறார்கள். நானும் சைவக் குடும்பத்தில் பிறந்தவள்தான்.

வானை விட்டு இறங்கியதும் மற்றவர்கள் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த அக்கா போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இஞ்சதான் கொட்டில் போட்டு இருந்தனாங்கள்" என்றார் நெடுநேரத்துக்குப் பிறகு.

1999 நவம்பரில் இந்த வளவில் ஷெல் விழுந்து, தஞ்சமடைந்திருந்தவர்களில் 40 பேர் வரை இறந்தார்கள். அவருடைய தங்கச்சியும் அதில் ஒருத்தி.

"மாதா காப்பாத்துவா எண்டுதானே பிள்ளை ஓடி வந்தனாங்கள். அவவின்ர வாசலிலயே அவள் போயிட்டாள். அண்டையிலயிருந்து நான் ஒரு செபமாலை சொல்லேல்லை. இப்ப எனக்கு வேற போக்கிடமும் இல்லை. எந்த முகத்தோட உள்ளுக்குப் போறது?"

சமயம் மக்களை ஒன்றுசேர்க்கும் ஒரு சமூக நிறுவனம் என்று பல்கலைக்கழகப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அன்று ஒரு வசனமும் வரவில்லை. 'எல்லாம் நன்மைக்கே', 'கடவுள் சித்தம்' என்று சொல்லி அழுகிறவளின் வாயை மூடுகிற ஆறுதலில் எனக்கு எப்போதும் உடன்பாடில்லை. ஆகவே பேசாமல் இருந்தேன்.

எங்களைத் தேடி வந்த வயதான அம்மா ஒருவர்தான் பதில் சொன்னார். தினமும் பூசைக்குப் போகிறவர். "அதை ஏன் இந்தப் பிள்ளைக்குச் சொல்லுறாய்? உள்ளுக்குப் போய் அவவிட்டையே கேள். கோபமெண்டால் கோபமாக் கேள். மகனைச் சிலுவையில பாத்துக்கொண்டு நிண்டவ அவ. உன்ர கோபத்தைத் தாங்கமாட்டாவே?"

கடவுளோடு வழக்காடுவது கிறிஸ்தவத்துக்குப் புதிதல்ல என்று ஒரு அருட்சகோதரி பின்னர் எனக்கு விளக்கினார். திருப்பாடல்களில் பல, 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற வகை முறைப்பாடுகளாம். யேசுவும் சிலுவையில் அப்படித்தான் கதறினார். அழாதவர்களுக்கு மட்டும்தான் விசுவாசம் என்று நான் இவ்வளவு காலமும் எப்படியோ நினைத்திருந்தேன்.

அக்கா எழும்பி உள்ளே போனார். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டோம். அவருக்கென்று ஒன்றை எடுத்து வைத்தோம். வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. சேலைத் தலைப்பில் மடு மண் முடிந்திருந்தார். விஷக்கடிக்கு நல்லதென்று எல்லோரும் எடுத்துப் போவதுதான்.

"மாதா என்னவாம்?" என்று ஒருத்தி பகிடியாகக் கேட்டாள்.

"ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் கதைச்சனான், சண்டையும் பிடிச்சனான். அவவும் இஞ்சயிருந்து வெளிக்கிட்டு ஓடினவதானே, அவவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பசியோடு சாப்பிட்டார்.

திரும்பும்போது என் பக்கத்து ஆசனத்தில் வந்து இருந்தார். சந்தி தாண்டியதும் கைப்பையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்டிருந்த மூன்று கடன் அட்டைகளை எடுத்து என் மடியில் வைத்தார்.

"மொத்தம் எவ்வளவு வருகுதெண்டு ஒருக்காக் கூட்டிப் பார் பிள்ளை" என்றார்.